மாப்பிள்ளை முழங்கால்

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டால் அன்றோடு அது அவன் முழங்கால் இல்லை, ஊர்ப் பொதுச் சொத்து. வருகிறவன் தடவிப் பார்ப்பான், போகிறவன் அமுக்கிப் பார்ப்பான். அவனவன் சித்தப்பனுக்கு எப்படிப் போனது, எந்த எண்ணெயில் சரியானது என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பான். கேட்காமலே சொல்வான். சொல்லி முடித்ததும் காபி கொடுக்க வேண்டும். ஆபரேஷன் கத்திக்கு நான் பயப்படவில்லை. இந்த ஜனங்களுக்குத்தான் பயந்தேன்.

நான் கபடி ஆடுகிறவன். நாமக்கல்லுக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பாவின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்வது தொழில், பண்ணை வேலை போக மீதி நேரமெல்லாம் களம். ரெய்டு போவது என் வேலை. மனைவியின் ஊர் எருமப்பட்டிப் பக்கம். அங்கேயும் கபடிப் பைத்தியங்கள் உண்டு. பெண் பார்க்கப் போன அன்றைக்கு எல்லோரும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க, அவள் தம்பி மட்டும் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அவர்கள் ஊர் டீமில் கார்னரில் நிற்பவன். கணுக்காலைப் பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவனுக்கு மிஞ்சி ஆளில்லை. என் காலை ஒடித்தவனும் அவன்தான்.

அது அவர்கள் ஊர் நோம்பியில் நடந்தது. எங்கள் பக்கம் கோயில் திருவிழாவை நோம்பி என்போம். நோம்பி என்றால் கிடா வெட்டு இருக்கும், கபடி இருக்கும். போட்டியில் எங்கள் ஊர் டீமும் அவர்கள் டீமும் மோதினோம். போனஸ் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது என் மச்சினன் கணுக்காலைப் பிடித்தான். நல்ல பிடி. பாதம் மண்ணில் பதிந்திருக்க, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் பட்டென்று ஒரு சத்தம். அம்பயர் விசில் ஊதி அவுட் என்றார். மனுஷன் கடமையில் கண்ணாக இருந்தார்.

கபடியில் கால் போவது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. ஆனால் போனது மாப்பிள்ளையின் கால். விருந்தில் முதல் இலை போட்டு, கறியில் நல்ல துண்டாகப் பொறுக்கி வைத்து, வாசலில் செருப்பைக்கூட ஓரமாக எடுத்து வைக்கிற மாப்பிள்ளையின் காலைப் பெண் வீட்டுக்காரனே ஒடித்துவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் இரண்டு ஊரிலும் பேச்சு. மாமனார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் என்ற ஒன்று நடந்ததையே எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

என் அம்மாவுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. அடிபட்ட அந்தக் காலுக்கு அவள் ஒரு பட்டம் கட்டினாள். 'உங்க ஊட்டு ஆளுங்க ஒடச்ச காலு.' என் மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போதும், எனக்குச் சோறு போடும்போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கும்போதும் அது காதில் விழும். திட்டுவது போல இருக்காது. பால்காரரிடம் பால் கெட்டியாக இல்லை என்று சொல்கிற குரலில் சொல்வாள். என் மனைவி பதில் பேசமாட்டாள். எனக்கு அப்போது என் கால்தான் உலகம், மற்றவர்கள் பேசுவதெல்லாம் கோழிச் சத்தத்தோடு சேர்ந்துவிட்டது.

மகன் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக மாமனார் என்னைக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனால் எக்ஸ்ரே கிடையாது, ஸ்கேன் கிடையாது. ஒரு பார்வை, ஓர் அமுக்கல், அவ்வளவுதான். ஜவ்வு லேசாக விலகியிருக்கிறது, மூன்று கட்டுக்குள் சேர்ந்துவிடும் என்று தீர்ப்புச் சொன்னார். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்தமாவைக் குழைத்துப் பூசி, துணியைச் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். முட்டை எங்கள் பண்ணை முட்டை. அந்த வகையில் அந்த வைத்தியத்தில் எங்கள் பங்கும் உண்டு. மூன்றாம் நாள் அடித்த நாற்றத்தில் என் மகளே பக்கத்தில் வரவில்லை. எறும்புகள் மட்டும் வந்தன.

வீக்கம் வடிந்தது. வலி குறைந்தது. நடந்தேன். உடனே மாமனார் ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கட்டின் பெருமையைப் பாட ஆரம்பித்தார். எனக்கும் சந்தோஷம், பொய் சொல்வானேன். படி இறங்கும்போது முழங்கால் ஒரு நொடி கழன்று மாட்டுவது போல இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை நேரம் பண்ணை ஷெட்டில் முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்பினேன். முழங்கால் விலகியது. முட்டைகளோடு நானும் விழுந்தேன். எழுந்து காலை நீட்டலாம் என்றால் நீளவில்லை. மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டது. அத்தனை கோழிகளும் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி என்னையே பார்த்தன.

சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். முழங்காலை முன்பக்கம் நகரவிடாமல் பிடித்து வைக்கிற தசைநார் நோம்பி அன்றைக்கே அறுந்துபோய்விட்டது. அது இல்லாமலேயே நடந்து திரிந்ததில், இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் கிழிந்து, கிழிந்த துண்டு மூட்டுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். கூட வந்திருந்த மாமனார் மேலே சுற்றிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து முழங்காலுக்குள் புதுத் தசைநார் வைத்தார்கள். கிழிந்த குருத்தெலும்பைத் தைத்தார்கள். தையல் சேருகிற வரைக்கும் காலை ஊன்றக் கூடாது என்று இரண்டு ஊன்றுகோலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் ஆரம்பித்தது வருகை.

மாமனார் ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, ஆப்பிள், பிஸ்கட். கொல்லிமலைப் பக்கம் போனவன் வந்தவன் எல்லாம் முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கி வந்தான். பார்க்க ஆட்டின் கால் மாதிரியே மயிரோடு இருக்கும் கிழங்கு. சூப் வைத்துக் குடித்தால் எழுந்து ஓடலாமாம். நிஜ ஆட்டுக்கால் சூப்பு வேறு தனியாக வந்தது. காலையில் கிழங்கு, சாயங்காலம் ஆடு. எந்தக் கால் எந்தக் காலைச் சரி செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு வயிறுதான் பெருத்தது. கிளம்பும்போது எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். இந்த வெளாட்டெல்லாம் இனி எதுக்கு சாமி, புள்ள பெத்தாச்சு, பண்ணையைப் பாருங்க. கட்டிலில் கிடக்கிறவன் எங்கே எழுந்து ஓடுவது? தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

என் மச்சினன் மட்டும் வரவில்லை. வந்தால் என் அம்மாவின் முகத்தில் விழிக்க வேண்டும். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

சேலத்தில் எனக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். கழுத்துச் சங்கிலியில் சின்னச் சிலுவை, முகத்தில் சிரிப்பென்பது கிடையாது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அமுக்குங்கள் என்றாள். அமுக்கினேன். தொடை அசையவில்லை. மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தவன் நான், ஒரு பருத்தித் துண்டை அமுக்க முடியாமல் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டியம்மா அதே துண்டை அனாயாசமாக அமுக்கினார். அன்றைக்கு என்னைப் போல் கேவலப்பட்டவன் சேலத்தில் இருந்திருக்க மாட்டான்.

மாதக் கணக்கில் அந்தப் பெண்ணிடம் போனேன். உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, ஓடுவது, பிறகு ஒற்றைக் காலில் தாவுவது. அடிபட்ட கால் தாவுகிற தூரத்தையும் நல்ல கால் தாவுகிற தூரத்தையும் டேப் வைத்து அளந்து பார்த்தாள். இரண்டும் சமமாக வந்த அன்றைக்கு ஆடலாமா என்று கேட்டேன். ஆடலாம், ஆனால் ஒன்று மட்டும் இங்கே பார்க்க முடியாது என்றாள். தாவுவதும் திரும்புவதும் நீங்களாகச் செய்வது. எதிராளி முழுப் பலத்தோடு பிடித்து இழுக்கும்போது முழங்கால் தாங்குமா என்பது அப்படிப் பிடித்தால்தான் தெரியும். முதலில் உங்கள் ஊர்ப் பயிற்சியில் மெல்ல மெல்லப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றாள். அது தெரிகிற வரைக்கும் நான் ஆட்டக்காரனா நோயாளியா என்று எனக்கே நிச்சயமில்லை. இரவு படுத்தால் அந்தப் பட்டென்ற சத்தம்தான் காதில் இருந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை, எவனாவது ஒழுங்காகப் பிடித்துவிட்டால் போதும் என்று இருந்தது.

எங்கள் ஊர் வீரர்கள் இருக்கிறார்களே, வீரர்கள். பயிற்சியில் என்னைக் கல்யாண வீட்டு அப்பளம் மாதிரி தொட்டார்கள். முழுசாகப் பிடியுங்கடா என்றால், பிடித்துவிட்டு, வலிக்குதாங்கண்ணா என்று கேட்பார்கள். நோம்பி வரட்டும், வெளியூர்க்காரன் பிடிப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

எங்கள் ஊர் நோம்பிக்குக் கபடி வைத்தார்கள். மத்தியானம், பந்தலுக்கு அடியில், செம்மண் களம். முதல் ஆட்டத்திலேயே எங்களுக்கு எதிராக மனைவியின் ஊர் டீம். கார்னரில் என் மச்சினன். நான் முதல் ரெய்டு போனேன். ஒருவனைத் தொட்டுவிட்டு வந்தேன். கூட்டம் கத்தியது. இரண்டாவது ரெய்டில் இரண்டு பேர். மூன்றாவதில் கோட்டை நோக்கி நான் திரும்பிய வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. காலை மச்சினனின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். அவன் காலைப் பார்த்தான், பின்னால் நகர்ந்தான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், அதுதான் வெட்கக்கேடு.

நாலாவது ரெய்டில் அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கபடிக் களத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். சந்தேகம் வந்து, கபடிப் பாட்டை விடாமல் நேராக அவர்கள் நடுவில் போய் நின்றேன். களத்தில் மிச்சமிருந்த அத்தனை பேரும் எனக்கு வழிவிட்டார்கள். முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். யாரும் தொடவில்லை. ஒருவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையை வரவேற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள் அடப்பாவிகள். கூட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு கிளம்பியது. எனக்குக் காது சுட்டது.

இடைவேளை விசில் ஊதியதும் மச்சினனின் பனியனைக் கொத்தாகப் பிடித்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிருச்சுங்க மாமா. கோயில்ல வெச்சு, சூடத்தை அணைச்சு. உங்களைப் புடிக்கறதில்லைன்னு."

சூடத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை எங்கள் பக்கம் எவனும் மீற மாட்டான். சீட்டுப் பணத்தைச் சாப்பிட்டவன்கூட அதற்கு மட்டும் பயப்படுவான். வாங்கினவரே விடுவித்தால்தான் உண்டு. எங்கள் கேப்டன் இதைக் கேட்டுவிட்டு, பாயிண்டு வருதில்ல, உடுங்க என்றான். கோப்பையைக் கையில் வாங்கிவிட்ட மாதிரி ஒரு இளிப்பு அவன் முகத்தில். அவனுக்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது.

நேராகப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போனேன். முன்னால் ஒரு பெஞ்சில் என் மாமியாரும் மனைவியும், இரண்டு பெஞ்சு தள்ளி என் அம்மா. எங்கள் பக்கம் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசமாட்டார். கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார், மகள் என்னிடம் சொல்வாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமான்னு அம்மா கேக்குது, இப்படி. ஒரே அறையில் மூன்று பேரும் இருந்தாலும் அதே கதைதான். நான் வருவதைப் பார்த்ததும் அவர் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அரைவட்டம் திரும்பி நின்றார்.

நான் மனைவியைப் பார்த்துப் பேசினேன். உங்கம்மா வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்றேன். நான் ஆடுவதற்கு வந்தேன், ஆரத்தி எடுத்துக்கொள்வதற்கு வரவில்லை என்றேன். இத்தனை மாதம் அந்தச் சேலத்துப் பெண்ணிடம் துண்டை அமுக்கிக் கிடந்தது, இவர்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவா என்றேன். இன்றைக்கு ஒருவன் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்றால் நான் சாகிற வரைக்கும் நொண்டிதான், கால் நன்றாக இருந்தாலும் நொண்டிதான் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கொஞ்சமில்லை, நிறைய. என் மனைவி இதில் ஒன்றையும் அவள் அம்மாவிடம் திருப்பிச் சொல்லவில்லை.

மாமியார் என் பக்கம் திரும்பினார். முந்தானையை எடுத்துவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"புடிச்சு மறுபடியும் ஒடஞ்சு போச்சுன்னா, கட்டல்ல கெடக்கறது நீங்க. பேச்சு வாங்கறது எம்புள்ள. இத்தனை நாளா அவ என்ன கேட்டுட்டு இருக்கறான்னு உங்களுக்குத் தெரியுமுங்களா? உங்க காலுக்காக நான் சத்தியம் வாங்கல மாப்பிள்ளைங்க."

ஊரில் இருக்கிறவனை எல்லாம் முட்டாள் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன், அப்போதுதான் மனைவியைப் பார்த்தேன். அவள் குழந்தையின் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே போட்டிருந்த பட்டன்.

"உங்க ஊட்டுல இனி ஒருத்தரும் அவளை ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்க. கால் என்னானாலும் செரி. அதுக்கு நீங்க சத்தியம் பண்ணுங்க. நான் எம்பையனை உட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளங்கையை நீட்டினார்.

மாப்பிள்ளையின் நிழல்கூடத் தன் மேல் படாமல் ஒதுங்குகிறவர், அத்தனை ஜனம் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். செம்மண் அப்பிய கையால் அவர் கையில் அடித்தேன். அவர் களத்தின் பக்கம் திரும்பி மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் அம்மா அங்கிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினோம் என்று அவளுக்குக் கேட்டிருக்காது.

இடைவேளை முடிந்து நானே முதல் ரெய்டு போனேன். கோட்டைத் தாண்டியதும் வித்தியாசம் தெரிந்தது. எல்லோரும் குனிந்து நின்றார்கள். மச்சினனின் கைகள் முன்னால் இருந்தன. போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினேன். ஒடிந்த காலைத்தான் நீட்டினேன், வேண்டுமென்றே. அவன் பாய்ந்த வேகம் எனக்குத் தெரியவே இல்லை, கணுக்கால் அவன் கைக்குள் இருந்தது. ஒருவன் இடுப்பைக் கட்டினான், இன்னொருவன் தோளில் இடித்தான். நான் கோட்டை நோக்கித் திமிறினேன். பாதம் மண்ணில் பதிந்தது, உடம்பு திரும்பியது, முழங்கால் முறுகியது, அன்றைக்குப் போலவே. மேலே ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். வாயெல்லாம் மண். கால் எனக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. சத்தம் கேட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பந்தலில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

அந்த அமைதியில் என் அம்மாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் மனைவியைப் பார்த்துத்தான்.

"பாத்தயா, மறுபடியும் உங்க ஊட்டு ஆளுங்க..."

நான் இன்னும் காலை நீட்டிப் பார்க்கவில்லை. நீளுமா என்றும் தெரியாது. மேலே கிடந்தவர்களுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே எடுத்தேன்.

"அம்மா. புடிக்கச் சொன்னது நானு. இனி அவளை ஒரு வார்த்தை சொன்னீன்னா, நான் பொண்டாட்டி புள்ளையோட தனி ஊடு பாத்துக்கறேன்."

களத்துக்கும் பந்தலுக்கும் கோயில் வாசலுக்கும் கேட்டிருக்கும். எனக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது. அம்மா வாயைத் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மச்சினன் மட்டும் கணுக்காலை விடாமல் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். விடுடா என்றேன். விட்டான். காலை நீட்டினேன். நீண்டது. மடக்கினேன், மடங்கியது. எழுந்து அதன் மேல் முழு பாரத்தையும் வைத்து நின்றேன்.

அம்பயர் விசில் ஊதி, கையைக் காட்டி, அவுட் என்றார். வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை.

அவுட்டானவர்கள் உட்காருகிற கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தேன். கேப்டன் முறைத்தான், முறைக்கட்டும். அதன் பிறகு என்னை இன்னும் இரண்டு முறை பிடித்தார்கள், ஆட்டத்தில் தோற்றோம். பெஞ்சில் என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவி, கால் நல்லாத்தான் இருக்குது, அழுகாதே சாமி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.